உள்ளங்கையில் ஒரு சொட்டு

என் அக்கா எப்சிபாவின் நாக்கு தமிழ்நாட்டில் எண்பது லட்சம் வீடுகளில் இருக்கிறது. அவள் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் இதைக் கேட்டதும் பயந்துபோவார்கள். நான் சொல்வது சாம்பாரைப் பற்றி.

நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள். பச்சை பாக்கெட், மேலே 'அசனச் சாம்பார்' என்று எழுதியிருக்கும். அட்டையில் கரண்டியோடு சிரிக்கும் பெண் அக்கா இல்லை. அவளைவிட முப்பது கிலோ குறைந்த யாரோ ஒரு மாடல். அந்தக் கோபம் அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. "உள்ள இருக்கது நானு, வெளிய சிரிக்கது அவளா?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். நான் அந்த ஆலையில்தான் வேலை பார்க்கிறேன், தூத்துக்குடியில், ருசிப்பதிவுப் பிரிவில். அதனால் எல்லாத் தப்புக்கும் நான்தான் பொறுப்பு.

ருசிப்பதிவு பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. சமைக்கிறவர் நாக்கில் வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு படலத்தை ஒட்டுவோம். அக்கா அதை ஸ்டிக்கர் என்பாள். குழம்பை ருசி பார்க்கும்போது நாக்கில் பட்ட உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் அது எண்களாக எழுதிக்கொள்ளும். நெற்றியில் ஒரு பட்டை கட்டுவோம். ருசி பார்த்ததும் 'ஆங், சரி' என்று மனசுக்குள் ஒரு நிறைவு வருமே, அந்தக் கணத்தைப் பட்டை பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ஒரு பதிவு. அப்புறம் ஆலையில் உள்ள ஆளுயர அண்டாக்கள், அந்த எண்கள் வரும்வரை கலக்கிக்கொண்டே இருக்கும். பொய்ப் பதிவு போட முடியாது. வாய் ஆயிரம் சொல்லும், பட்டை ஒத்துக்கொள்ளாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு நல்ல நாக்கு தேவைப்பட்டது. பெரிய ஓட்டல் சமையல்காரர்கள் பலரைக் கூப்பிட்டுப் பார்த்தோம். எனக்கு மட்டும் அக்கா ஞாபகமாகவே இருந்தது. எங்கள் ஊர்ச் சர்ச்சில் வருஷத்துக்கு ஒரு முறை அசனம் நடக்கும். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து, மூவாயிரம் பேர் வருவார்கள். சமைப்பது ஆண்கள், அதட்டுவது ஆண்கள், கடைசியில் அண்டாவை இறக்குவதற்கு முன்னால் மட்டும் "எப்சியக் கூப்புடுங்கப்பா, உப்புப் பாக்கட்டும்" என்பார்கள். அவள் வந்து பார்த்துத் தலையாட்டினால்தான் பந்தி போடுவார்கள்.

பதினோரு நாள் எங்கள் சோதனைக்கூடத்தில் சமைத்தாள். முதல் நாளே சண்டை. நாங்கள் வைத்திருந்த தூள் உப்பைத் தொடமாட்டேன் என்று சொல்லி, வீட்டிலிருந்து ஜாடியோடு கல்லுப்பு கொண்டுவந்தாள். நாற்பது பதிவுகள் ஆயின. ஒவ்வொன்றுக்கும் அவள் "சரிதாம்ல" என்று சொல்ல, பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒப்பந்தப்படி மாதம் ஒரு பெட்டி பாக்கெட் வீட்டுக்கு இலவசமாக வந்தது. "நம்ம ருசிதான, என்னத்துக்கு அடுப்படியில கெடந்து வேகணும்?" என்று அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சமையலை விட்டாள். அத்தான் ஜெபமணிக்கு லாரி. அதாவது லாரி தானே ஓடும், அத்தான் அதற்குக் காவல். மாதத்தில் இருபது நாள் நெடுஞ்சாலையில், மூன்று வேளையும் பாக்கெட்தான். சாப்பாட்டு நேரத்துக்கு அக்கா போன் பண்ணிவிடுவாள்.

"சாப்புட்டாச்சா? உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்குட்டி."

ஆலையில் கலக்கிய சாம்பாருக்கு உப்பு சரியா என்று புருஷனிடம் விசாரிக்கும் ஒரே பெண் உலகத்தில் என் அக்காதான். நான் கிண்டல் செய்வேன். "எங்கை ருசில அது. கேக்காம எப்பிடி இருக்க?" என்பாள். அந்தப் போனுக்காகத்தான் அத்தான் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

போன வருஷம் உளுந்தூர்ப்பேட்டை பக்கம் அத்தான் லாரிக்குள்ளேயே மயங்கி விழுந்தார். வண்டி தானாக ஓரம் கட்டி, தானாக ஆம்புலன்சைக் கூப்பிட்டது. மனுஷனுக்கு நாம் கற்றுக்கொடுக்காத நல்ல புத்தியை லாரிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகப் பேசினார். "பிரஷர் ரொம்ப வருஷமா அதிகமாவே இருந்திருக்கு. ரெண்டு கிட்னியும் பாதி வேலைதான் பார்க்குது. இப்படியே போனா ஒரு வருஷத்துல டயாலிசிஸ். உப்பைக் குறைக்கணும். முக்கியமா பாக்கெட் சாப்பாடு கூடவே கூடாது."

"எந்த பாக்கெட் டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"எல்லாரும் சாப்பிடறதுதான்மா, அந்தப் பச்சை பாக்கெட் சாம்பார். இந்த வார்டுல பாதிப் பேர் அதைத்தான் சொல்றாங்க. ருசி அப்படி. யார் கையோ தெரியல, நானே ஹாஸ்டல்ல அதைச் சாப்பிட்டுத்தான் படிச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா உப்பு ஜாடியைத் தூக்கிப் பரணில் போட்டாள். "ஊரு உப்ப நான் பாத்தேன். எம் புருசன் உப்ப நான் பாக்கல. எங்கைதாம்ல அவரக் கொல்லுது. இனும அடுப்புப் பக்கம் போவமாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். ஆஸ்பத்திரி சிபாரிசு செய்த உப்பில்லாச் சாப்பாடு தினமும் டப்பாவில் வந்தது. அத்தான் இரண்டு வாய் வைத்துவிட்டு மூடிவிடுவார். "மாப்ள, சுண்ணாம்புக்குச் சட்டை போட்டு அனுப்பிருக்கான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஒரு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தார். அக்காவுக்குத் தெரியாமல் தெருமுனைக் கடையில் மிக்சர் வாங்கித் தின்றார். பிரஷர் இறங்கவேயில்லை. அவர் சாப்பிடமாட்டார், அவள் சமைக்கமாட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அவ்வளவு நேசித்துக்கொண்டு, எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து மெலிந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்கா சமைத்த சாப்பாடு. அது உப்புக் கரித்ததாக எனக்கு நினைவே இல்லை. அப்படியானால் பாக்கெட்டில் உப்பு எங்கிருந்து வந்தது?

"எக்கா, எனக்காக ஒரே ஒரு வாட்டி சாம்பார் வையி. ஒருத்தரும் திங்க வேண்டாம். நான் அளந்து பாக்கணும்" என்றேன். மூன்று நாள் திட்டினாள். நான்காம் நாள் பரணில் இருந்து ஜாடியை இறக்கினாள்.

நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பருப்பு வெந்தது, புளி கொதித்தது, முருங்கைக்காய் விழுந்தது. ஜாடியைச் சாய்த்து இடது உள்ளங்கையில் கல்லுப்பைக் கொட்டினாள். அளவு பார்த்தாள். இரண்டு கல்லைத் திரும்ப ஜாடியில் போட்டுவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போட்டாள். கலக்கினாள். கரண்டியில் எடுத்து அதே இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள்.

"சரிதாம்ல."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. எங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், அசனத்தில், எல்லாரும் இப்படித்தான் உப்புப் பார்க்கிறார்கள். கரண்டியை வாயில் வைத்தால் எச்சில், அதனால் உள்ளங்கை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சோதனைக்கூடத்திலும் நாற்பது தடவை இதைப் பார்த்தேன். அவ்வளவு பழகிய விஷயம் என்பதால் ஒரு தடவைகூட அது என் கண்ணில் படவில்லை.

"எக்கா, கையக் கழுவாத. இன்னொரு சொட்டு விடு."

உப்பு அளக்கும் கருவியை அவள் உள்ளங்கையில் இருந்த சொட்டில் வைத்தேன். பதினான்கு. குழம்பில் வைத்தேன். பத்து.

"என்னல முழிக்க?"

"கையில உப்பு ஒட்டிருக்குக்கா. அதுக்கு மேல சொட்டு விடுத. ஒன் நாக்குல படுதது கொழம்பு உப்பும் கை உப்பும் சேந்து. நாங்க நாக்குலதான ஸ்டிக்கர ஒட்டுனோம்? பாக்கெட்டுல எப்பவுமே பத்துதான். அப்ப அன்னைக்கி ஒன் நாக்குல பட்டது பத்து. கொழம்புல இருந்தது ஏழுதாம்க்கா. நீ வச்சது ஏழு. ஊருக்கு நாங்க குடுத்தது பத்து."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப எஞ்சாம்பார் உப்பு கரிக்கலயா?"

"இல்லக்கா. நான் கொழம்புலருந்து ஒரு சொட்டு எடுத்து அளந்திருக்கணும். அளக்கல. ஒன் நாக்கு மேல அவ்வளவு நம்பிக்க."

கரண்டியால் முதுகில் ஒன்று போட்டாள். சூடு. வாங்கிக்கொண்டேன். அடுத்த அடி விழவில்லை, அவள் அடுப்பைப் பார்த்து நின்றுவிட்டாள். "இன்னைக்கி கொழம்புல பத்துன்னியே. அது எப்பிடி? இன்னைக்கி வச்சது நான்தான?"

அதைத்தான் நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். "பன்னெண்டு வருசமா நீயும் பாக்கெட்தான திங்க? நாக்கு அதுக்குப் பழகிட்டு. அதுக்கு இப்ப பத்துதான் சரி."

அக்கா தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அழுத மாதிரி அம்மா போனபோதுகூட அழவில்லை.

மறுநாள் ஆலையில் மிருதுளா மேடத்திடம் போனேன். தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பு. எல்லாவற்றையும் கேட்டார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி சோதனைக்குன்னு நாலு மாவட்டத்துல உப்பைக் குறைச்சுப் பார்த்தோம் செல்வின். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆறு வாரம்கூடத் தாங்கல. பெட்டி பெட்டியா திரும்பி வந்துச்சு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? ஜனங்க நம்மளை விட்டுட்டு, இதைவிட உப்பு போடறவன்கிட்ட போனாங்க."

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி மேடம் விக்கிறது?"

"நான் நினைச்சாலும் நிரந்தரமா மாத்த முடியாது. ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு. ருசியோட சொந்தக்காரங்க நாக்கு சரின்னு சொன்னதைத்தான் நாம செய்யலாம். உங்க அக்கா ஏழுக்குச் சரி சொல்லட்டும், பட்டையில பச்சை விளக்கு எரியட்டும். நான் மாத்தறேன். ஆனா ஒரேயடியா இல்ல. மாசத்துக்கு அரைப் புள்ளி. நாக்குக்குத் தெரியாம இறக்கணும்."

அக்காவின் நாக்கோ பத்துக்குத்தான் சரி சொல்லும். வீட்டில் வந்து இதைச் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "பழகுன நாக்கு பழையபடி திரும்புமால?"

"திரும்பும்னுதான் சொல்லுதாங்க. ரெண்டு மூணு மாசம் ஆவும். அது வரைக்கும் திங்கது எல்லாம் சப்புன்னு இருக்கும்."

"அவருக்குப் போடுத உப்புதான் இனும எனக்கும்" என்றாள்.

அன்றைக்கே டப்பாச் சாப்பாட்டை நிறுத்தினாள். உப்பைக் கையில் கொட்டிவிடக் கூடாது என்று இடது கையில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அடுப்பேற்றினாள். டாக்டர் கொடுத்த பட்டியலுக்குள் என்னென்ன உண்டோ அத்தனையையும் இழுத்துப் போட்டாள். வறுத்த மல்லி, மிளகு, சின்ன வெங்காயம், பூண்டு, இறக்கும்போது எலுமிச்சை. உப்பு மட்டும் டாக்டர் சொன்ன சின்ன ஸ்பூன்.

முதல் வாரம் கண்றாவி. இரண்டு பேரும் தட்டைப் பார்த்து ஜெபம் பண்ணிவிட்டு, ஜெபத்தை முடிக்க மனசில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். "ஏட்டி, இதுக்கு அந்தச் சுண்ணாம்பே பரவால்ல" என்பார் அத்தான். "வாய மூடிட்டுத் தின்னுங்க. எனக்கு மட்டும் இனிக்குதாக்கும்?" என்பாள். ஆனால் தின்றார். அவள் எதிரே உட்கார்ந்து அதையே முகம் சுளித்துத் தின்கிறாளே, அவர் எப்படி மூடிவைப்பார்? மிக்சர் கடைப் பக்கம் போவதும் நின்றது.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம் அக்கா போன் பண்ணிக் கத்தினாள். "ஏல, பருப்பு இனிக்குல! வெறும் பருப்பு! இது இனிக்கும்னே மறந்துட்டேன்." அடுத்த வாரம் கீரையில் உப்பு தெரிகிறது என்றாள். எட்டாவது வாரம் ஆசைக்கு ஒரு பச்சை பாக்கெட்டைப் பிரித்து நக்கிப் பார்த்துவிட்டு, உப்பளத்தில் விழுந்தவள்போல் துப்பினாள். "இதையால திங்குது ஊரு?" என்று கேட்டாள்.

மூன்றாம் மாதம் மறுபடி சோதனைக்கூடம், மறுபடி நாற்பது பதிவு. இந்த முறை கையைக் கழுவ வைத்து, கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தேன். குழம்பையும் அளந்தேன், நாக்கையும் அளந்தேன். இரண்டிலும் ஏழு. "சரிதாம்ல" என்றாள் அக்கா. பச்சை விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற மிருதுளா மேடம், யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

மாதம் அரைப் புள்ளியாக ஆறு மாதத்தில் பத்து ஏழாக இறங்கியது. எண்பது லட்சம் வீடுகள், ஒரு புகார் இல்லை. ஏழுக்குப் பதில் பத்து கொடுத்தபோதும் யாருக்கும் தெரியவில்லை, இறக்கியபோதும் தெரியவில்லை. நாம் என்ன தின்கிறோம் என்பது நமக்கு அவ்வளவுதான் தெரிகிறது. எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஏழுக்கு வந்த முதல் பாக்கெட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். அத்தான் கொஞ்சம் சதை போட்டிருந்தார். பிரஷர் இறங்கியிருந்தது. கிட்னி பாதிதான், ஆனால் அந்தப் பாதி பாதியாகவே நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு கரண்டி சாப்பிடலாம் என்று அனுமதியும் வாங்கியிருந்தோம். எந்த பாக்கெட், என்ன மாற்றம் என்று அவரிடம் எதுவும் சொல்லாமல் சூடாக்கி ஊற்றினேன்.

ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"இதுதாம்ட்டி" என்றார்.

"எது?" என்றாள் அக்கா.

"நம்ம கல்யாணம் முடிஞ்ச மறு வாரம் நீ வச்ச சாம்பாரு. இது ஒங்கை."

"அப்ப இத்தன வருசமா பாக்கெட்டுல தின்னது எங்கை இல்லயா?"

அத்தான் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை.

"அது... உப்பு கொஞ்சம் கூட."

"எப்பத்துலருந்து தெரியும்?"

"முத பாக்கெட்டுலருந்து."

அக்கா கையில் இருந்த தண்ணீர்ச் செம்பை மேஜையில் வைத்தாள். "நான் மூணு வேளயும் போன் போட்டுக் கேட்டேம்லா! உப்பு சரியா, உப்பு சரியான்னு. சரியா இருக்குட்டின்னு சொன்னியளே!"

"எப்பிடிட்டிச் சொல்லுவேன்? ஊரெல்லாம் எம் பொண்டாட்டி கை ருசின்னு திங்குது. தாபாவுக்கு தாபா அந்தப் பாக்கெட்டக் காட்டி, இது எங்க வீட்டுச் சாம்பாருன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுதேன். ஒங்கிட்ட வந்து உப்பு கூடன்னா ஒம் மொகம் வாடிப் போவும்லா? முத நாளு சரின்னு சொல்லிட்டேன். பொறவு தெனமும் சொல்ல வேண்டியதாப் போச்சு."

நான் என் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எங்கள் கோடி ரூபாய் இயந்திரத்தால் பிடிக்க முடியாததை இந்த மனுஷன் நாக்கு முதல் வாயிலேயே பிடித்திருக்கிறது. அந்தப் பட்டையை ஒரு நாள் அத்தான் நெற்றியில் கட்டியிருந்தால், அவர் சொன்ன சரி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். புருஷன்மார் நெற்றியில் யார் பட்டை கட்டுகிறார்கள்?

அக்கா அடுப்படிக்குப் போனாள். காலையில் தானே வைத்த சாம்பாரைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். இடது கையில் அந்தத் துணி அப்படியே கட்டியிருந்தது. பழக்கம் விட்டுப்போகும்வரை அவிழ்க்கமாட்டேன் என்றிருந்தாள். அத்தான் தட்டில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி எதிரே நின்றாள்.

"உப்பு சரியா இருக்கா?"

அத்தான் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நன்றாக மென்றார். என் சட்டைப்பையில் உப்பு அளக்கும் கருவி இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அவர் அக்கா முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு கல்லு கூடிட்டு" என்றார்.

அக்காவின் முகம் வாடவில்லை.

"அப்பிடிச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் வெந்த பருப்பு சேர்க்கச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.